வேட்டை நாய்க் கதை வாசித்து ஆங்கிலச் சொற்கள் கற்பது: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கில நாவல் வாசிக்கிறோம். அதிலும் ஒரு பையனையும் அவனுடைய இரண்டு வேட்டை நாய்களையும் பற்றிய நாவலைத்தான் அதிகம் வாசிக்கிறோம். பெற்றோர், டீச்சர்கள், பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அது என்ன நாவல்? ஏன் எல்லாருக்கும் அதையே சொல்றீங்க?

'வேர் த ரெட் ஃபெர்ன் குரோஸ்'. வில்சன் ரால்ஸ் எழுதியது, 1961-ல் வந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் வடகிழக்கே, ஓசார்க் மலைப் பக்கம் நடக்கிற கதை. பில்லி என்ற பையனுக்குப் பத்து வயதில் இரண்டு வேட்டை நாய்கள் வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. வீட்டில் காசு கிடையாது. ஆற்றுக்கு மீன் பிடிக்க வருகிறவர்களிடம் காய்கறி விற்று, பழம் பறித்து விற்று, இரண்டு வருஷம் போல ஒரு பேக்கிங் பவுடர் டப்பாவில் 50 டாலர் சேர்க்கிறான். நாய்கள் வருகின்றன. ஓல்டு டேன் பலசாலி, லிட்டில் ஆன் புத்திசாலி. அப்புறம் ராத்திரி ராத்திரி ஆற்றோரக் காட்டில் ரக்கூன் என்ற மரமேறி மிருகத்தை வேட்டையாடுவது.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் அந்த 'ராத்திரி ராத்திரி'தான். ஒவ்வொரு வேட்டையிலும் அதே விளக்கு, அதே கோடாலி, அதே மோப்பம், அதே மரம். முதல் வேட்டையில் புரியாத சொல் மூன்றாவது வேட்டையில் தானாகப் புரிந்துவிடும். சொற்கள் மனதில் நிற்க வேண்டும் என்றால் அவை வேறு வேறு சம்பவத்தில் திரும்ப வர வேண்டும், அந்த வேலையை இந்த நாவல் நம் உதவி இல்லாமலே செய்துவிடுகிறது.

எம் பையன் ஏழாவது, தமிழ் மீடியம். அவனுக்கு இது ஒத்து வருமா?

வகுப்பை வைத்துச் சொல்ல முடியாது, பக்கத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு கை விரல்கள் முடிந்தபோது பக்கமும் கிட்டத்தட்ட முடிந்திருந்தால் தனியாகவே வாசிக்கலாம். அரைப் பக்கத்திலேயே இரண்டு கையும் மடங்கிவிட்டால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. சொல் கற்பதைப் பற்றி நிறைய ஆராய்ந்த பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியரும் இன்னொருவரும் சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதை துணையில்லாமல் நன்றாகப் புரிய வேண்டுமென்றால் நூற்றுக்கு 98 சொற்கள் போலத் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 300 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதது ஆறு. விரல் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இன்னொன்று. தமிழ் மீடியம் என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் வரும் சங்கதிகளில் பாதி கிராமத்துப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும், ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. டவுனில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பிள்ளைக்குப் பெயர் தெரியும், சாக்கில் குட்டியைப் போட்டுத் தூக்கி வந்த அனுபவம் இருக்காது. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் ரொம்ப நன்றாக நடக்கும்.

ஒரு அத்தியாயத்துக்கு எத்தனை வார்த்தை எழுதிப் படிக்கணும்?

ஐந்து. இதற்கு மேல் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வதுண்டு. நாவலில் 20 அத்தியாயங்கள், ஆக அதிகபட்சம் நூறு சொற்கள். நூறு சொல்லை முழுசாகத் தெரிந்துகொள்வது ஒரு பிள்ளைக்குப் பெரிய சொத்து. ஐந்நூறு சொல்லை நோட்டில் எழுதி மூடி வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

எந்த ஐந்து என்பதில்தான் விஷயம். அழகான சொல், கடினமான சொல் என்று பொறுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை பார்த்து, மறுபடி வந்த சொல்லை எடுங்கள். 'லான்டர்ன்', 'ட்ரெயில்', 'ஹவுண்ட்', 'சென்ட்' மாதிரி. அதிலும் 'சென்ட்' நம் பிள்ளைகளுக்குத் துணியில் அடிக்கிற வாசனைத் தண்ணீர், கதையிலோ அது மிருகம் விட்டுப் போன வாடை. இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் முதல் இடம் அதற்குத்தான்.

வாசிக்கும்போதே டிக்ஷனரி பாக்கலாமா?

வேண்டாம். நாய் தடம் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையை நிறுத்தி அகராதி புரட்டச் சொன்னால் கதையும் போகும், சொல்லும் போகும். பென்சிலால் அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போகட்டும். அந்தச் சொல் தெரியாமல் கதையே நகரவில்லை என்றால் மட்டும் நிறுத்துங்கள்.

அத்தியாயம் முடிந்த பிறகு புள்ளி வைத்த சொற்களைப் பாருங்கள், பாதிக்கு அர்த்தம் அதற்குள் தெரிந்திருக்கும். மீதிக்கு அகராதி. போன் அகராதி அவசரத்துக்கு ஆகும். சிதம்பரநாதன் செட்டியார் தொகுத்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் கையில் இருந்தால் ஒரு சொல்லுக்கு எத்தனை முகம் என்று ஒரே இடத்தில் காட்டிவிடலாம்.

தமிழ்ல அர்த்தம் எழுதினா இங்கிலீஷ் வராதுன்னு ஸ்கூல்ல சொல்றாங்களே?

கண்ணால் பார்க்கிற பொருளுக்குத் தமிழ்ச் சொல்தான் சுருக்கு வழி. 'ஆக்ஸ்' என்றால் கோடாலி, முடிந்தது. அதை ஆங்கிலத்தில் விளக்கப் போனால் மூன்று புதுச் சொல் உள்ளே வரும், அந்த மூன்றுக்கும் விளக்கம் வேண்டும். தமிழில் எழுதட்டும், ஆனால் பக்கத்திலேயே நாவலில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தையும் எழுத வேண்டும். வாக்கியம் இல்லாமல் வெறும் அர்த்தம் எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை.

எல்லா வார்த்தையும் தெரிஞ்ச வார்த்தைதான், ஆனா வரி புரியலையே. ஏன்?

பிள்ளைகள் கேட்பதில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. காரணம், தெரிந்த சொல் தெரியாத வேலை செய்கிறது. 'ட்ரீ' என்றால் மரம் என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். இந்தக் கதையில் நாய்கள் ஒரு மிருகத்தை 'ட்ரீ' செய்யும், அதாவது விரட்டி மரத்தில் ஏற்றி, கீழே நின்று குரைத்துக்கொண்டே காவல் காக்கும். 'ஹைட்' என்றால் ஒளிவது என்று தெரியும், இங்கே அது உரித்த தோல், பில்லி தாத்தா கடையில் கொடுத்துக் காசாக்குவது. 'பார்க்' குரைப்பும் ஆகும், மரப்பட்டையும் ஆகும், இந்த நாவலில் குரைக்கிற நாய் நிற்பதே மரத்தடியில் என்பதால் பிள்ளை நன்றாகக் குழம்பும். 'பாட்டம்ஸ்' என்று வந்தால் அடிப்பகுதி என்று மொட்டையாக எடுக்கக் கூடாது, ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம்.

இவற்றுக்கு நோட்டில் தனிப் பக்கம் வையுங்கள். மேலே சொன்ன ஐந்து சொல் கணக்கில் இவை சேராது, எத்தனை கிடைத்தாலும் எழுதலாம். ஒரு பக்கம் நிரம்பும்போது பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படி இயங்குகிறது என்பதே பிடிபட ஆரம்பித்துவிடும்.

எங்க ஊர்லயும் வேட்டை நாய் உண்டு. கதையில வர்ற நாய் அதே மாதிரிதானா?

இல்லை, அந்த வித்தியாசம் தெரிந்தால் பத்துப் பதினைந்து சொல் ஒரே மூச்சில் புரிந்துவிடும். நம் பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய்கள். ஒல்லி உடம்பு, நீளக் கால், கரட்டுப் பக்கம் முயல் எழும்பினால் பார்த்த மாத்திரத்தில் பாயும், பெரும்பாலும் சத்தமே போடாது. பகல் வேட்டை, வெட்டவெளி. இராஜபாளையமும் கோம்பையும் கட்டுமஸ்தானவை, காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போனவை.

பில்லியின் நாய்கள் ரெட்போன் என்ற செம்பழுப்பு வகை, மூக்கை நம்புகிறவை. இருட்டில், அடர்ந்த காட்டில், மிருகம் எப்போதோ போன வழியை மோந்து மோந்து போகும். போகும்போதே நீளமாகக் குரல் கொடுக்கும். பையன் தூரத்தில் நின்றபடி அந்தக் குரலை வைத்தே இப்போது தடம் கிடைத்துவிட்டது, இப்போது ஆற்றைக் கடக்கிறது, இப்போது மரத்தில் ஏற்றிவிட்டது என்று தெரிந்துகொள்வான். அதனால்தான் குரலுக்கு மட்டும் 'பார்க்', 'பே', 'பால்' என்று இத்தனை சொல். அந்தக் கடைசிச் சொல் காதுக்குப் பந்து மாதிரிக் கேட்கும், எழுத்து வேறு, அடிவயிற்றிலிருந்து நீட்டி வரும் ஓலம் அது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் இந்தப் பகுதியை வாசித்தபோது, சின்ன வயதில் கன்னி நாய் வளர்த்த ஒரு தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தி தமிழில் சொல்லச் சொல்ல, "கத்திக்கிட்டே போனா முயல் நிக்குமா, அது மரமேறி மிருகமா இருக்கணும்" என்றார். படிக்காமலே கதையின் அடிப்படையைச் சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு 'ட்ரீ' பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரக்கூனுக்குத் தமிழ்ல என்ன?

ரக்கூன்தான். நம் நாட்டுக் காடுகளில் இல்லாத மிருகம். சிலர் மரநாய் என்று எழுதி வைக்கிறார்கள், இரவில் நடமாடும், மரமேறும் என்ற வரைக்கும் சரி, ஆனால் அது வேறு மிருகம். படம் காட்டுங்கள்: கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடு, விரல் பிரிந்த முன்கை. அந்தக் கை கதைக்கு முக்கியம்.

இதே மாதிரி ஏமாற்றுகிற சொல் இன்னும் இரண்டு. 'மௌன்டன் லயன்' சிங்கம் இல்லை, பூமா. பிடரி மயிரோடு படம் வரைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். 'சிகமோர்' மரத்தைப் பார்த்ததும் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகள் சகேயு ஏறிய காட்டத்தி மரமா என்று கேட்பார்கள். ஆங்கில பைபிளிலும் அந்தப் பெயர்தான், ஆனால் அது அத்தி இனம். அமெரிக்க சிகமோர் வேறு, பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரியும், ஆற்றோரத்தில் பிரமாண்டமாக வளரும்.

வெறும் வாசிப்பு மட்டும் போதுமா? ஒரு காட்சியை எப்படி நடத்துறதுன்னு சொல்லுங்க.

பொறி வைக்கிற காட்சியைச் சொல்கிறேன். நாய்க்குட்டிகளைப் பழக்க ஒரு ரக்கூன் தோல் வேண்டும், பிடிக்க முடியவில்லை. தாத்தா ஒரு யுக்தி சொல்கிறார். கீழே கிடக்கும் ஒரு கட்டையில் துளை போடு, உள்ளே பளபளக்கிற ஒரு தகரத் துண்டைப் போடு, துளையின் வாயைச் சுற்றி ஆணிகளை உள்நோக்கிச் சாய்வாக அடி. ரக்கூன் கையை விடும், தகரத்தைப் பிடித்து முஷ்டியை மூடும், மூடிய கை ஆணிக்கு இந்தப் பக்கம் வராது. விட்டுவிட்டால் தப்பிக்கலாம், விடாது.

இதைப் பிள்ளைகளை வரையச் சொல்வேன். கட்டை, துளை, தகரம், ஆணி, கை. வரைந்து ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு ஆங்கிலப் பெயர் எழுத வேண்டும். ஆணியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் பெரிய சண்டையே வரும், வெளிப்பக்கம் சாய்த்து வரைந்த பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறந்து அந்த வாக்கியத்தை வாசித்தாக வேண்டும். 'சாய்வாக' என்பதற்கான ஆங்கிலச் சொல் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரிய மரத்தை நாள் கணக்கில் வெட்டுகிற காட்சியையும் இப்படியே செய்யலாம், கோடாலி, மரச்சில்லு, கையில் கொப்புளம் என்று சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன.

எனக்கே இங்கிலீஷ் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?

சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு, "இன்னைக்கு அந்த நாய் என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டால் போதும். பிள்ளை தமிழில் முழுக் கதையையும் சொல்லட்டும். சொல்ல முடியாமல் தடுமாறுகிற இடம்தான் புரியாத இடம், அங்கே திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். பல அம்மாக்கள் இதை டீச்சரை விட நன்றாகச் செய்கிறார்கள், அவர்களுக்கு நிஜமாகவே கதை தெரியாது என்பதால் கேள்வி உண்மையாக இருக்கிறது.

ஒரு வாரத்துல எல்லாம் மறந்துடுதே?

மறப்பது இயல்பு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து, படித்ததில் பெரும் பகுதி முதல் நாளிலேயே போய்விடும், இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கும் என்று எழுதி வைத்தார். ஆகவே எழுதிய சொல்லை மறுநாள் ஒரு முறை, நான்கு நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, முன்பக்கம் வாக்கியத்தை எழுதி அந்தச் சொல் இருக்கிற இடத்தைக் காலியாக விடுங்கள், பின்பக்கம் சொல். டப்பாக்களை வரிசையாக வைத்து, அட்டைகளை முதல் டப்பாவில் போடுங்கள். பிள்ளை சொல்லைச் சரியாகச் சொன்னால் அந்த அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், சொல்லாவிட்டால் முதல் டப்பாவுக்கே திரும்பும். லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய முறை இது, பழைய தீப்பெட்டி பண்டலும் ரப்பர் பேண்டும் இருந்தால் வீட்டிலேயே ஆகும்.

படமா வந்திருக்காமே. அதைப் போட்டுக் காட்டிட்டா?

1974-ல் ஒன்று, 2003-ல் ஒன்று வந்திருக்கின்றன. நாவலை முடித்த பிறகு காட்டுங்கள். முன்னாடி காட்டினால் பிள்ளை கதைக்காக வாசிக்காது, கதைக்காக வாசிக்காத பிள்ளைக்குச் சொல் ஒட்டாது. ஒலிப்புத்தகம் அப்படியில்லை, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே கேட்டால் உச்சரிப்புக்கு நல்லது.

புத்தகத்திலேயே தப்புத் தப்பான இங்கிலீஷ் இருக்கே சார், பரீட்சையில் இதையே எழுதினா?

'எயின்ட்' மாதிரி வருவதைக் கேட்கிறீர்கள். அது மலைக்காட்டு ஜனங்கள் பேசுகிற பேச்சு. நம் கதைகளில் உரையாடல் மதுரைப் பேச்சில் வருவதில்லையா, அது போலத்தான். வாசித்தால் புரிய வேண்டும், கட்டுரையில் எழுத வேண்டாம். மேற்கோள் குறிக்குள் வருவது பேச்சு, வெளியே இருப்பது எழுத்து என்று ஒரு முறை பிரித்துக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

நாய் செத்துப் போயிடுமாமே? சின்னப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?

ஆமாம், இரண்டும் இறந்துபோகின்றன. பில்லியைக் காப்பாற்ற பூமாவோடு சண்டை போட்டு டேன் சாகிறது, அந்த ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்து ஆனும் போய்விடுகிறது. அதற்கு முன்பே நடுவில், வேறொரு பையன் தடுக்கி விழுந்து கோடாலி பாய்ந்து இறக்கிற காட்சி இருக்கிறது. அதைத்தான் நீங்கள் முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும், நாயின் சாவை விட அது கடுமை. பத்து வயதுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை. வீட்டில் சமீபத்தில் நாய் செத்திருந்தாலும் தள்ளிப் போடுங்கள்.

அந்த அத்தியாயங்களில் ஐந்து சொல் எழுதச் சொல்லவே கூடாது. புள்ளியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். வாசிக்கட்டும், அழுதால் அழட்டும். அங்கே வருகிற சொற்கள் யாரும் எழுதச் சொல்லாமலே நிற்கும்.

இதைப் படிச்சிட்டு எம் மகன் முயல் வேட்டைக்குப் போகணும்கிறான்!

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், உடும்பு வேட்டை குற்றம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கதை நடக்கிற காலத்தில் ரக்கூன் தோல் கோட்டு அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் பெரிய மோஸ்தர், தோலுக்கு விலை இருந்தது, அதனால் வேட்டை. காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். நாய் வளர்க்கிற ஆசை வந்தால் அது நல்ல ஆசை.

'இந்தியன்'னு வருதே, நம்ம ஆளுங்களா? அப்புறம் அந்த 'கூன்'?

நம்மவர்கள் இல்லை, அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள். பில்லி குடும்பம் இருப்பதே செரோக்கி மக்களின் நிலத்தில், அவன் அம்மாவுக்கும் அந்த ரத்தம் உண்டு. தலைப்பில் வரும் சிவப்புப் பெரணியும் பூர்வகுடி மக்களுடையதாக நாவல் சொல்லும் ஒரு கதையில் வருவதுதான்: பனிப்புயலில் இறந்த ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவே முளைத்தது, அதன் விதையைத் தேவதை மட்டுமே ஊன்ற முடியும் என்று. பெரணிக்கு விதையே கிடையாது, வித்துத்தூள்தானே என்று உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். சரியான கேள்வி. நம்பிக்கைக் கதையில் வருவது, பாடத்தில் அப்படி எழுதக் கூடாது.

'கூன்' என்பது ரக்கூன் என்பதன் சுருக்கம், நாவல் முழுக்க அந்தப் பொருளில்தான் வருகிறது. ஆனால் அதே சொல் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் வசையாகவும் அமெரிக்காவில் இருந்திருக்கிறது. பிள்ளையிடம் இதை மறைக்காதீர்கள். வாசிக்கலாம், மிருகத்தைச் சொல்லும்போது ரக்கூன் என்று முழுசாகச் சொல்லட்டும், மனிதர்களைப் பற்றி ஒருநாளும் கூடாது.

மார்க் கூடுமா?

அடுத்த பரீட்சைக்குள் கூடாது. பாராப் படித்து விடை எழுதும் பகுதியில் வேகம் வரும், அதுவும் மெதுவாகத்தான்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்குவதற்கு முன் புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதியில் கேட்டுப் பாருங்கள். இது இல்லையென்றாலும் மிருகக் கதைகள் பார்த்து எடுக்கலாம், விரல் கணக்கை அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.

முடிச்சுட்டான். வார்த்தை நின்னுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பட்டியலைக் கொடுத்து அர்த்தம் கேட்காதீர்கள், அதில் மனப்பாடமும் தெரிந்ததும் ஒன்றாகத் தெரியும். பொறிப் படத்தை அம்புக்குறிப் பெயர்கள் இல்லாமல் மறுபடி வரைந்து கொடுங்கள், அது எப்படி வேலை செய்கிறது என்று நான்கைந்து ஆங்கில வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். இலக்கணம் தப்பினால் தடுக்க வேண்டாம். கட்டை, துளை, ஆணி, முஷ்டி எல்லாம் இடத்தில் வந்து விழுந்தால் நின்றுவிட்டது. வராத சொற்களுக்கு மட்டும் அட்டையை மறுபடி முதல் டப்பாவில் போடுங்கள்.